தண்டையார்பேட்டையும் குணங்குடி மஸ்தான் சாகிபும்: தவறாக நினைவில் நின்ற ஒரு செய்தி

செம்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் சென்ற மாதம் ஒரு சிறு சம்பவம் நடந்தது. ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். சென்னையில் வாழ்ந்து மறைந்த தமிழ்ப் புலவர் ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போக வேண்டும். குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்களைப் பற்றி எழுதும்படி நான்தான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் முதல் பத்தியையும் நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் தொண்டிப் பக்கத்திலிருந்து வந்தவர், அதனால் மக்கள் அவரைத் தொண்டியார் என்று அழைத்தார்கள், அவர் தங்கிய இடம் தொண்டியார்பேட்டை ஆனது, அதுவே பின்னர் தண்டையார்பேட்டை என்று மருவியது என்று விளக்கினேன்.

இந்தச் செய்தியை எனக்குச் சொன்னவர் என் நன்னா. சிறு வயதில் என் விரலைப் பிடித்துக்கொண்டு தர்கா வாசலில் நின்று அவர் சொன்னது இன்றும் கண்முன் இருக்கிறது. அவருடைய வெள்ளைச் சட்டையும் கையில் இருந்த குடையும்கூட நினைவில் இருக்கின்றன.

மகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை எழுதினாலும் ஓரத்தில் ஆண்டுகளை வரிசையாகக் குறித்துக்கொள்வாள். மஸ்தான் சாகிபு பிறந்தது 1792 என்று எழுதினாள். சென்னை வரலாறு பற்றிய ஒரு நூலில், கும்பினிக்காரர்களிடம் தண்டையார்பேட்டை ஒப்படைக்கப்பட்டது 1693 என்று இருந்தது. அதையும் பக்கத்தில் எழுதினாள். பிறகு என்னிடம் வந்து, 99 ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவரின் பெயர் அந்த ஊருக்கு முன்பே எப்படி வந்தது என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா அதோடு இன்னொரு கணக்கையும் சரிசெய்தார். நன்னா மவுத்தானபோது எனக்குப் பத்து மாதம்தானாம். என் விரலைப் பிடித்துக்கொண்டு அவர் எங்கும் போயிருக்க முடியாது. எங்களை அங்கே கூட்டிப்போனது அம்மாவின் தம்பி, என் மாமா. குடை மாமாவுடையது. வெள்ளைச் சட்டை, எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த நன்னாவின் படத்தில் இருந்தது.

ஒரே நாளில் இரண்டு செய்திகளில் நான் தவறு என்று தெரிந்துவிட்டது. இரண்டிலும் நான் பொய் சொல்லவில்லை. இரண்டையும் முழு நம்பிக்கையோடு சொன்னேன். அந்த நம்பிக்கைதான் என்னை யோசிக்க வைத்தது. ஆகவே அந்த மகானின் வாழ்க்கையை, ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் படித்தேன். படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர்

மஸ்தான் சாகிபு அவர்களின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கு அருகே உள்ள குணங்குடியில் 1792-ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 1207-இல் பிறந்தார். தந்தையார் நயினார் முகம்மது, தாயார் பாத்திமா.

அவர் பிறந்த காலம் அமைதியான காலமல்ல. அதே 1792-இல்தான் மைசூரின் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் தம் நாட்டின் பாதியளவை இழந்தார். 1801-இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சி கும்பினியின் கைக்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில், குணங்குடிக்குப் பக்கத்துச் சீமையான சிவகங்கையின் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அப்போது சுல்தான் அப்துல் காதிருக்கு ஒன்பது வயது இருக்கும். நாடு கைமாறுவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது.

மார்க்கக் கல்விக்காக அவர் கீழக்கரைக்கு அனுப்பப்பட்டார். அங்கே தைக்கா சாகிபு என்று மக்களால் அழைக்கப்பட்ட ஷெய்கு அப்துல் காதிர் லெப்பை ஆலிம் அவர்களிடம் ஓதினார். பின்னாளில் தமிழகத்திலும் இலங்கையிலும் பெரும்பணி செய்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் ஆசிரியரும் மாமனாரும் இந்தத் தைக்கா சாகிபு அவர்களே. அரபும் தமிழும் ஒரே திண்ணையில் கற்பிக்கப்பட்ட ஊர் கீழக்கரை. மஸ்தான் சாகிபு அவர்களின் பாடல்களில் அரபுச் சொற்களும் தமிழின் பழைய யாப்பும் இடறாமல் சேர்ந்து வருவதற்கு அங்கே பெற்ற கல்வியே அடிப்படை.

உலக வாழ்வை விட்டு விலகியவர்

வாலிபம் வந்ததும் குடும்பத்தார் தாய்மாமன் மகளை அவருக்கு நிக்காஹ் செய்து வைக்க விரும்பினார்கள். அவர் மனமோ வேறு பக்கம் போயிருந்தது. திருமணத்தை மறுத்து, உறவையும் ஊரையும் விட்டு வெளியேறினார். 1813-இல் திருச்சியில் மௌலவி ஷாம் சாகிபு அவர்களிடம் பைஅத் பெற்று ஆன்மீகப் பாதையில் இறங்கினார் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்றுக்குள்.

அதன் பின் தனிமையைத் தேடிய நாட்கள். திருப்பரங்குன்றத்தின் சிக்கந்தர் மலையில் நாற்பது நாட்கள் கல்வத் இருந்தார். அறந்தாங்கிப் பக்கத்திலும், தம் சொந்தச் சீமையான தொண்டிப் பக்கத்திலும் சில மாதங்கள் தனித்திருந்தார். காடு, மலை, தோப்பு என்று அலைந்தார். கிடைத்ததை உண்டார், கிடைக்காத நாளில் பசியோடு இருந்தார்.

அவருடைய நிலையைப் பார்த்த மக்கள் அவரை மஸ்தான் என்று அழைத்தார்கள். மஸ்த் என்ற பாரசீகச் சொல்லுக்கு மயக்கம், போதை என்று பொருள். இறைநினைவில் தன்னை மறந்து திரிபவரை அப்படி அழைப்பது வழக்கம். பெற்றோர் வைத்த பெயர் பின்னுக்குப் போய், ஊரார் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. இன்று சுல்தான் அப்துல் காதிர் என்றால் யாருக்கும் தெரியாது. குணங்குடியார் என்றால் தெரியும்.

இராயபுரத்து வாழ்க்கை

இறுதியில் அவர் வந்து தங்கிய இடம் வடசென்னையின் இராயபுரம். இன்று நாம் செம்பாக்கத்திலிருந்து பேருந்தில் தாம்பரம் வந்து, மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் போய், அங்கிருந்து ஒரு வண்டி மாறினால் இராயபுரம் வந்துவிடும். அவர் வாழ்ந்தபோது ரயில் கிடையாது. தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் இராயபுரத்தில் திறக்கப்பட்டது 1856-இல். அது அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் பார்த்த இராயபுரம் தோப்பும் புதரும் கடற்காற்றும் நிறைந்த ஊர்.

அங்கேயும் அவர் தனிமையைத்தான் நாடினார். ஆனால் மக்கள் அவரைத் தேடி வந்தார்கள். முஸ்லிம்கள் மட்டும் வரவில்லை. தமிழ்ப் புலமையில் பெயர் பெற்ற இந்துப் பெருமக்களும் வந்தார்கள். திருத்தணிகை சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். அய்யாசாமி முதலியார் அவர்மீது பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். அவருடைய பாடல்களைத் திரட்டி அச்சுக்குக் கொண்டுவந்த பணியில் சீயமங்கலம் அருணாசல முதலியாரின் பெயர் நிற்கிறது. ஒரு முஸ்லிம் ஞானியின் சொற்களைச் சைவப் புலவர்கள் காத்துத் தந்த வரலாறு இது. நம் பிள்ளைகளுக்கு நாம் அவசியம் சொல்லித்தர வேண்டிய வரலாறும் இதுதான்.

பராபரக்கண்ணி, றஹ்மான்கண்ணி, எக்காலக்கண்ணி, மனோன்மணிக்கண்ணி, அகத்தீசர் சதகம், முகியித்தீன் சதகம் என்று அவர் விட்டுச்சென்றவை ஏராளம். இறைவனை நோக்கிய ஏக்கம், தன் நப்ஸின்மீது கொண்ட கோபம், குருவின் மீதுள்ள பற்று ஆகிய மூன்றும் அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன.

1838-ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 1254-இல் அவர் வபாத்தானார். அவர் வாழ்ந்த பகுதியிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

அவர் எத்தனை வயதில் மறைந்தார் என்பதில் சிலர் 46 என்றும் சிலர் 47 என்றும் எழுதுவதைப் பார்க்கலாம். இங்கே யாரும் தவறவில்லை. ஆங்கில ஆண்டுக் கணக்கில் 1792-க்கும் 1838-க்கும் இடையே 46. ஹிஜ்ரிக் கணக்கில் 1207-க்கும் 1254-க்கும் இடையே 47. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் அளவுக்குக் குறைவு என்பதால் வந்த வேறுபாடு அது. வேறுபாடு கண்ட இடமெல்லாம் பிழை என்று பாயக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

ஊர்ப் பெயரின் கணக்கு

இப்போது தண்டையார்பேட்டைக்கு வருவோம். கும்பினியார் 1639-இல் மதராசப்பட்டினத்தில் இடம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கியவர்கள். பின்னர் சுற்றிலும் இருந்த ஊர்களை ஒவ்வொன்றாகப் பெற்றார்கள். 1693-இல் முகலாய ஆட்சியின் தரப்பிலிருந்து எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகிய ஊர்கள் அவர்களுக்குக் கிடைத்தன. அதாவது குணங்குடியார் பிறப்பதற்கு 99 ஆண்டுகளுக்கு முன்பே, அவர் சென்னைக்கு வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகவே அந்த ஊர் பதிவேட்டில் இருக்கிறது. அவரால் அந்த ஊருக்குப் பெயர் வந்திருக்க வழியில்லை.

ஆனால் இந்தச் செய்தி எத்தனையோ கட்டுரைகளிலும் மேடைகளிலும் சொல்லப்பட்டுவிட்டது. நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். யாராவது கெட்ட எண்ணத்தோடு இட்டுக்கட்டினார்களா என்றால், அப்படித் தோன்றவில்லை. இதில் உள்ள துண்டுகளைத் தனித்தனியே எடுத்துப் பாருங்கள். அவர் தொண்டிப் பக்கத்துக்காரர் என்பது உண்மை. ஊரின் பெயரால் ஒருவரை அழைப்பது நம் மக்களின் வழக்கம் என்பதும் உண்மை. அவர் தண்டையார்பேட்டையை ஒட்டி வாழ்ந்தார் என்பதும் உண்மை. இரண்டு பெயர்களும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கின்றன. உண்மைகளுக்கு நடுவே ஒரு முடிச்சு தானாக விழுந்துவிட்டது. முடிச்சு மட்டும்தான் தவறு.

என் நன்னா கதையும் அப்படித்தான். நன்னா உண்மை, அவருடைய வெள்ளைச் சட்டை உண்மை. மாமாவும் அவர் குடையும் உண்மை. நான் சிறு வயதில் அங்கே போனதும் உண்மை. என் நினைவு இவற்றைச் சேர்த்து, நடக்காத ஒரு காட்சியைக் கட்டிவிட்டது.

இதற்கு என்ன பெயர்?

தமிழில் மறதி என்ற சொல் இருக்கிறது. ஆனால் இது மறதி இல்லை. மறந்தவருக்குத் தான் மறந்துவிட்டது தெரியும். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவார், பிறரைக் கேட்பார். தவறாக நினைவில் வைத்திருப்பவர் தேடவும் மாட்டார், கேட்கவும் மாட்டார். தெரியும் என்ற உறுதியோடு சொல்லிக்கொண்டே போவார். ஞாபகப் பிசகு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது ஓரளவு பொருந்தும்.

ஹதீஸ் கலை அறிஞர்களிடம் இதற்குத் தனியாகவே ஒரு சொல் இருக்கிறது. வஹ்மு என்பது அது. அன்றாடப் பேச்சில் வீண் சந்தேகத்தையும் மனப்பிரமையையும் வஹ்மு என்கிறோம். ஹதீஸ் கலையிலோ, நேர்மையான ஓர் அறிவிப்பாளர் ஒரு செய்தியை வேறொன்றாக நினைவில் வைத்துச் சொல்லிவிடுவதை அது குறிக்கும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதாகச் சேர்ப்பது, இரண்டு செய்திகளைக் கலப்பது, பெயரையோ காலத்தையோ மாற்றிவிடுவது எல்லாம் இதில் அடங்கும். இதைப் பொய்யிலிருந்து அவர்கள் தெளிவாகப் பிரித்தார்கள். பொய்யர் ஒதுக்கப்பட்டார். வஹ்மு ஏற்பட்டவரின் அந்த ஒரு செய்தி ஒதுக்கப்பட்டது, அவருடைய மற்ற செய்திகள் ஆராயப்பட்டு ஏற்கப்பட்டன. எத்தனை நேர்மையானவராக இருந்தாலும் மனிதருக்கு இது நேரும் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பழைய ஹிஜாஸ் மக்களின் பேச்சில், பொய் சொன்னார் என்ற பொருளுள்ள கதப என்ற சொல்லையே தவறிவிட்டார் என்ற பொருளிலும் பயன்படுத்துவார்கள் என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். இது தெரியாமல் பழைய நூல்களைப் படிப்பவர், ஒரு பெரியவர் இன்னொரு பெரியவரைப் பொய்யர் என்றதாக எண்ணிக் கலங்கிவிடுவார். அதனால்தான் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் தேவைப்பட்டது. சொல் தனியாக இருந்தால், திருத்தும்போது ஆளைக் குற்றவாளியாக்காமல் திருத்தலாம்.

இப்னு உமர் (ரலி) அவர்களின் மௌனம்

இதற்கு அழகான முன்மாதிரி ஸஹாபாக்களின் வாழ்வில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் எத்தனை உம்ரா செய்தார்கள் என்று அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. அவர்கள் நான்கு என்று சொல்லி, அவற்றில் ஒன்று ரஜப் மாதத்தில் நடந்தது என்றார்கள். நபியவர்களின் ஒவ்வோர் அடிச்சுவட்டையும் தேடிப் பின்பற்றியவர் என்று புகழப்படுபவர் அவர்கள். கேட்டதைச் சொன்னவர் அல்லர், உடன் இருந்து பார்த்தவர்.

கேட்டவர்களில் ஒருவரான உர்வா (ரஹ்), தம் சிறிய தாயாரான அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் அதைத் தெரிவித்தார். அன்னையவர்கள் முதலில் இப்னு உமருக்காக அல்லாஹ்வின் அருளை வேண்டினார்கள். நபியவர்களின் உம்ராக்களில் இப்னு உமர் உடன் இருந்தார் என்பதையும் எடுத்துச் சொன்னார்கள். அதன் பிறகே, ரஜபில் அப்படி ஓர் உம்ரா நடக்கவில்லை என்று திருத்தினார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் இதைச் செவியுற்றபோது ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, மௌனமாக இருந்துவிட்டார்கள் என்று முஸ்லிம் நூலின் அறிவிப்பில் வருகிறது.

இந்த ஒரு நிகழ்ச்சியில் எத்தனை பாடங்கள்! நேரில் பார்த்தவருக்கும் மாதம் மாறிப்போகலாம். திருத்துகிறவர் துஆவோடு தொடங்கலாம். திருத்தப்படுகிறவர் வாதாடாமல் இருக்கலாம். இதனால் இப்னு உமர் (ரலி) அவர்களின் தகுதி ஓர் அணுவளவும் குறையவில்லை. அவர்களின் அறிவிப்புகளை இந்த உம்மத் இன்றுவரை போற்றி வருகிறது.

பின்வந்த அறிஞர்கள் இதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். அவர்களுடைய முக்கியக் கருவி ஆண்டுகள். ஒருவர் இன்னொருவரிடம் கேட்டதாகச் சொன்னால், கேட்டவர் எப்போது பிறந்தார், சொன்னவர் எப்போது மறைந்தார், இருவரும் ஒரே ஊரில் சந்தித்திருக்க முடியுமா என்று பார்த்தார்கள். முதுமையில் நினைவு கலங்கியவர்களின் நிலையை இக்திலாத் என்று குறித்து, அவர்களிடம் கலக்கத்துக்கு முன் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்றும் பிரித்தார்கள். யமன் நாட்டின் பெரும் அறிஞர் அப்துர் ரஸ்ஸாக் (ரஹ்) ஹிஜ்ரி 211-இல் மறைந்தவர். முதுமையில் பார்வை இழந்தார். ஹிஜ்ரி 200-க்கு முன் அவரிடம் கேட்டவற்றுக்கும் பின்னால் கேட்டவற்றுக்கும் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) வேறுபாடு காட்டினார்கள்.

என் மகள் நோட்டின் ஓரத்தில் இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாளே, அது அந்தப் பழைய முறையின் சிறிய வடிவம்தான். அவளுக்கு அது தெரியாது. எனக்கும் அன்று தோன்றவில்லை.

உலகம் இப்போது கண்டுகொண்டது

நம் முன்னோர் நீண்ட காலமாகச் சொல்லிவந்ததை உளவியல் அறிஞர்கள் கடந்த நூறு ஆண்டுகளில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நூலில், பழக்கமில்லாத ஒரு நாட்டுப்புறக் கதையை மக்களுக்குக் கொடுத்து, பின்னர் திரும்பச் சொல்ல வைத்த சோதனையை விவரித்தார். சொன்னவர்கள் தங்களுக்குப் புரியாத பகுதிகளை விட்டுவிட்டார்கள், அல்லது தங்களுக்குப் பழக்கமான பொருள்களாக மாற்றிவிட்டார்கள். அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ் 1995-இல் வெளியிட்ட ஆய்வில் 24 பேர் பங்கேற்றார்கள். சிறு வயதில் கடைவீதியில் தொலைந்துபோனதாக, நடக்காத ஒரு நிகழ்ச்சி அவர்களிடம் சொல்லப்பட்டது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் அது முழுமையாகவோ ஓரளவோ நினைவிருப்பதாகச் சொன்னார்கள்.

தனி மனிதருக்கு மட்டுமல்ல, கூட்டத்துக்கும் இது நேரும். தென்னாப்பிரிக்கத் தலைவர் நெல்சன் மண்டேலா 1990-இல் சிறையிலிருந்து விடுதலையாகி, 1994-இல் அதிபராகி, 2013-இல் மறைந்தார். ஆனால் அவர் 1980-களிலேயே சிறையில் இறந்துவிட்டார் என்று பலர் உறுதியாக நினைத்திருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லாத பலர் ஒரே தவறை நினைவில் வைத்திருப்பதற்கு மண்டேலா விளைவு என்றே இப்போது பெயர் வழங்குகிறது. தண்டையார்பேட்டைக் கதையில் நமக்கு நேர்ந்ததும் அதற்கு உறவானதுதான். ஒருவர் சொன்னதை நூறு பேர் சொன்னதும், நூறு பேர் சொல்கிறார்களே என்பதே ஆதாரமாகிவிட்டது.

மஸ்தான் சாகிபு விஷயத்தில் இதுபோல மாறிப்போக இன்னோர் இடமும் உண்டு. பராபரக்கண்ணி என்ற பெயரில் அவருக்கு முன் வாழ்ந்த தாயுமானவரும் பாடியிருக்கிறார். இருவருடைய கண்ணிகளும் இரண்டிரண்டு அடிகள், இரண்டும் பரம்பொருளை நோக்கிய அழைப்பு, இருவருக்கும் திருச்சியோடு தொடர்பு உண்டு. ஒரு திருமண வீட்டில் நான் குணங்குடியார் பாடல் என்று சொல்லி ஒரு கண்ணியை உருக்கமாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால் அது தாயுமானவருடையது. அங்கே யாரும் என்னைத் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் அதைக் கேட்டவர்கள் சரியானதைக் கொண்டு போயிருப்பார்கள். இப்போது அவர்களில் எத்தனை பேர் என் தவறைப் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

கதையை எடுத்தபின் மிஞ்சுவது

இதைப் படிக்கும் சிலருக்கு வருத்தம் வரலாம். ஒரு மகானின் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது என்று பெருமைப்பட்டோமே, அதையும் பறிக்க வேண்டுமா என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், அந்தப் பெருமை அவருக்குத் தேவைப்படவே இல்லை. சொந்தப் பெயரையே விட்டுவிட்டு வந்தவருக்கு ஊரின் பெயர் எதற்கு?

அந்தக் கதையை நீக்கிய பிறகும் அவர் வாழ்க்கையில் எதுவும் குறையவில்லை. கீழக்கரையில் ஓதிய மாணவர் இருக்கிறார். திருமணப் பந்தலை விட்டு விலகிய வாலிபர் இருக்கிறார். நாற்பது நாட்கள் மலையில் தனித்திருந்தவர் இருக்கிறார். ஐயரும் முதலியாரும் தேடி வந்து பாடிய இராயபுரத்து ஞானி இருக்கிறார். 46 ஆண்டு வாழ்வில் அவர் பாடிய பாடல்கள் அச்சில் இருக்கின்றன. ஊர்ப் பெயர்க் கதை சுவையாக இருப்பதால் அதை மட்டும் சொல்லிவிட்டு இவற்றையெல்லாம் சொல்லாமல் விட்டோம் என்பதுதான் உண்மையான இழப்பு. தண்டையார்பேட்டைக் கதை தெரிந்த நம்மில் எத்தனை பேருக்கு அவருடைய ஒரு கண்ணியாவது மனப்பாடம்?

இன்னொன்றும் இருக்கிறது. நம் சமுதாயத்தின் வரலாற்றைப் பற்றிக் கேள்வி கேட்பவர்கள் இன்று அதிகம். நாம் சொல்லும் பத்துச் செய்திகளில் ஒன்று தவறு என்று ஒருவர் காட்டிவிட்டால், மற்ற ஒன்பதையும் அவர் நம்ப மாட்டார். காதில் விழுந்ததையெல்லாம் சரிபாராமல் பிறரிடம் சொல்வதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். கைப்பேசியில் வந்ததை அடுத்த நொடியே குடும்பக் குழுவுக்கு அனுப்பும் நமக்கு அந்த எச்சரிக்கை இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஒரு வலியுல்லாஹ்வைப் பற்றிய நல்ல செய்திதானே என்பது சரிபார்க்காமல் இருப்பதற்குக் காரணமாகாது.

வீட்டில் செய்யக்கூடியது எளிதானதுதான். பெரியவர்கள் ஒரு செய்தி சொன்னால் பிள்ளைகள் மரியாதையோடு யார் சொன்னார், எப்போது என்று கேட்கட்டும். அதை எதிர்த்துப் பேசுவதாக நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரியவர்கள் இருக்கும்போதே குடும்பச் செய்திகளை ஆண்டோடு ஒரு நோட்டில் எழுதி வைப்போம். இன்னொருவர் நினைவு நம் நினைவோடு மோதினால் பொய் என்ற சொல்லை எடுக்காமல் இருப்போம். அண்ணன் தம்பிகளுக்குள் சொத்துப் பேச்சும் கல்யாணப் பேச்சும் பகையாவது பல நேரம் இந்த ஒரு சொல்லால்தான். அத்தா அன்று இப்படிச் சொன்னார் என்று ஒருவரும், அப்படிச் சொல்லவே இல்லை என்று இன்னொருவரும் சாதிக்கும்போது, இருவருமே பொய்யர்களாக இல்லாமல் இருக்கலாம். ஒருவருக்கு வஹ்மு ஏற்பட்டிருக்கலாம். அது நமக்கே ஏற்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

எங்கள் செம்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த எங்கள் ஊர் ஒன்று, திருப்போரூர்ப் பக்கம் இன்னொரு செம்பாக்கம். இரண்டும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கின்றன. இன்று உயிரோடு இருக்கும் இரண்டு ஊர்களையே மாற்றி நினைக்க முடியும் என்றால், இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி மாறாமல் வந்து சேரும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

மகள் அந்த முதல் பத்தியை அடித்துவிட்டு வேறு எழுதினாள். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர், பிறந்த ஊர் குணங்குடி, ஆண்டு 1792 என்று தொடங்கினாள். தண்டையார்பேட்டையைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். அந்த ஊர் அவருக்கு முன்பே இருந்தது என்றும், மக்கள் அவர்மீது வைத்த அன்பால் அதை அவர் பெயரோடு சேர்த்துவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தாள். யாரையும் குறை சொல்லாமல் அவள் திருத்திய விதம் எனக்குப் பிடித்திருந்தது.

மாமாவுக்குத் தொலைபேசியில் பேசி, என்னை அங்கே கூட்டிப்போனதற்கு நன்றி சொன்னேன். இத்தனை ஆண்டுகள் அதை நன்னாவின் கணக்கில் எழுதி வைத்திருந்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, குடை தன்னுடையதுதான் என்று மட்டும் உறுதிசெய்தார்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் மறதியையும் பிழையையும் மன்னிப்பானாக! தெரிந்ததைச் சரியாகச் சொல்லவும், திருத்தினால் ஏற்கவும் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் மனவலிமை தருவானாக! ஆமீன்.